கார்னரில் நிற்பவர்

அந்த எக்செல் கோப்பு இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. பெயர் 'தலைவாஸ் முதல் ஏழு இறுதி 3'. இறுதி என்று பெயர் வைத்த பிறகும் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

2022 அக்டோபர் முதல் வாரம். கொரோனாவில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பியவனை ஆபீஸ் இன்னும் கூப்பிடவில்லை. பகலெல்லாம் மாடி அறையில் மீட்டிங். சாயங்காலம் ஆறரைக்கு மேலச் சித்திரை வீதிப் பக்கம் ஒரு டீக்கடை. அதை ஒட்டி என் பள்ளித் தோழனின் மொபைல் கடை. உடற்கல்வி ஆசிரியர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பியும் வருவான். நாலாவது ஆள் கார்னர் அண்ணன். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர், குட்டியானை ஓட்டுகிறார். லோடு இறக்கிவிட்டு வந்தால் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு, இடது காலைக் கொஞ்சம் நீட்டினாற்போல் பெஞ்சில் உட்காருவார். அவருக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் இருபது வருஷத்துக்கு முன் பொங்கல் கபடியில் மைக் பிடித்தவர் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது.

ப்ரோ கபடி லீகின் ஒன்பதாவது சீசன் தொடங்க நாலு நாள். தமிழ் தலைவாஸ் 2017-இல்தான் லீகுக்குள் வந்தது. அதுவரை நாலு சீசன் ஆடி ஒருமுறைகூட பிளே ஆஃப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. முதல் மூன்று சீசனிலும் பட்டியலின் அடி. கபடி என்ற சொல்லே எங்களுடையது என்று மார்தட்டுகிற ஊரின் அணி. பொங்கலுக்குப் பொங்கல் லால்குடி, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஹாலஜன் வெளிச்சத்தில் மண்தரையில் ஆட்டம் நடக்கும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு டிவியில் வருஷா வருஷம் இந்த அணி தோற்பதைப் பார்ப்பது ஒரு தனி வகை அவமானம்.

அந்த வருஷம் நம்பிக்கை வந்திருந்தது. ஆகஸ்ட் ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்திருந்தார்கள். அதுவரை லீக் வரலாற்றிலேயே எந்த ஆட்டக்காரருக்கும் போகாத விலை. அதே ஏலத்தில் ஈரானின் ஃபாசல் அத்ராசலி புனேவுக்கு 1.38 கோடிக்குப் போனார். உலகின் மிகச் சிறந்த இடது கார்னர் என்று பலரும் சொல்கிறவர். டீக்கடையில் சண்டை தொடங்கியது இந்த இரண்டு எண்களில் இருந்துதான்.

"தொண்ணூறு லட்சம் தம்பி. பாடுறவனுக்கும் பிடிக்கிறவனுக்கும் நடுவுல தொண்ணூறு லட்சம் வித்தியாசம். ஏன்?"

எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்தேன். முந்தைய சீசன்களின் புள்ளிவிவரங்களை இறக்கி வைத்திருந்தேன். ரைடுப் புள்ளி, டேக்கிள் புள்ளி, வெற்றி சதவீதம், டூ ஆர் டை ரைடில் என்ன செய்கிறார். ஏழு பேர் கொண்ட அணிக்கு எத்தனை ரைடர், எத்தனை டிஃபென்டர் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கோப்பு சொன்னது எளிமையானது. ஓர் ஆட்டத்தில் ஓர் அணி எடுக்கும் புள்ளிகளில் பெரும்பங்கு ரைடில் இருந்து வருகிறது. நல்ல ரைடர் ஓர் ஆட்டத்தில் பத்துப் புள்ளி எடுப்பார். நல்ல கார்னர் நாலு எடுத்தால் பெரிய விஷயம். அப்படியானால் காசு எங்கே போக வேண்டும்? பவன், அஜிங்க்யா பவார், கூட இன்னொரு ரைடர், ஆக மூன்று பேர் முதல் ஏழில் இருக்க வேண்டும். மிச்ச நாலு இடத்துக்கு சாகர், சாஹில், எம். அபிஷேக், மோஹித். அந்த நாலு பேரில் யாரை மாற்றினாலும் என் மாதிரியில் பெரிய வித்தியாசம் வரவில்லை.

அண்ணன் போனை வாங்கி, கோப்பை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"இதுல என் பக்கம் வராம போனவன எங்க எழுதியிருக்க?"

"என்னண்ணே?"

"பாட வர்றான். என்னப் பாக்குறான். இவன்ட்ட கால வச்சா போயிரும்னு அந்தப் பக்கமாவே சுத்திட்டு, முப்பது செகண்ட ஓட்டிட்டுத் திரும்பிப் போறான். அதுக்கு எனக்கு எத்தன மார்க்?"

"அது எம்ப்டி ரைடுண்ணே. யாருக்கும் புள்ளி கிடையாது."

"அதான். அத எங்க எழுதுவ?"

மொபைல் கடைக்காரன் சிரித்தான். நானும் சிரித்தேன். எழுத ஒரு பத்தியும் இல்லை என்பது அப்போது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

இங்கே ரக்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2019-இல் கேப்டவுனில் இருந்த ஒரு குழுவோடு சேர்ந்து வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை அழைப்புகளில் முதல் பத்து நிமிஷம் ரக்பிதான். அது உலகக் கோப்பை வருஷம். யார் ட்ரை போடுவார், யார் வேகமாக ஓடுவார் என்றெல்லாம் அவர்கள் பேசவே மாட்டார்கள். ஸ்க்ரம்மில் மூன்றாம் எண் சட்டை யாருக்கு, அவருக்கு மாற்று யார், பெஞ்சில் எத்தனை ஃபார்வர்ட் என்றுதான் வாக்குவாதம் நடக்கும். எனக்கு ஒன்றும் புரியாது. ஒருத்தர் பொறுமையாக விளக்கினார். இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துக் குனிந்து முட்டுகிறார்கள். முன்வரிசையில் மூன்று பேர். அதில் மூன்றாம் எண்காரரின் தலை எதிராளிகள் இருவருக்கு நடுவில் மாட்டியிருக்கும். இரண்டு தோளிலும் எடை இறங்கும். பின்னால் இருந்து சொந்த அணியே அவரைத் தள்ளும். அவர் நகராமல் நின்றால் யாரும் கவனிக்கமாட்டார்கள். நகர்ந்தால் ஆட்டமே நகரும். அந்த முன்வரிசைக்குப் பழகாத ஆளை அங்கே நிறுத்த விதியே அனுமதிக்காது. கழுத்து உடைந்துவிடும்.

அந்த நவம்பர் 2 அன்று யோகோஹாமாவில் இறுதி ஆட்டம். மூன்றாவது நிமிஷத்தில் இங்கிலாந்தின் மூன்றாம் எண்காரர் கைல் சிங்க்ளர் மோதலில் நினைவிழந்து விழுந்தார். மாற்றாக வந்த டேன் கோல் மிச்ச ஆட்டம் முழுக்க அந்த இடத்தில் நிற்க வேண்டியதாயிற்று. தென்னாப்பிரிக்கா பெஞ்சில் இருந்த எட்டுப் பேரில் ஆறு பேரை ஃபார்வர்டாகவே வைத்திருந்தது. களைத்தவர்களை எடுத்துவிட்டுப் புதிதாக ஒரு முன்வரிசையை இறக்கினார்கள். ஸ்க்ரம் ஸ்க்ரம்மாக இங்கிலாந்து பின்னால் போனது. பெனால்டி பெனால்டியாகப் புள்ளி ஏறியது. 32-12. மறுநாள் எல்லாப் படங்களிலும் கடைசியில் இரண்டு ட்ரை போட்ட மாப்பிம்பியும் கோல்பேவும்தான் இருந்தார்கள்.

இதை அண்ணனிடம் சொன்னேன். யூடியூபில் ஒரு ஸ்க்ரம்மைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். "நம்ம சங்கிலிதான்" என்றார். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்தார். கபடியில் கார்னரும் பக்கத்து ஆளும், கவரும் அவர் பக்கத்து ஆளும் கைகோத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். விழாமல் இருக்கத்தான் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"அதுக்கு இல்ல தம்பி. கண்ணு ரெண்டும் பாட வர்றவன் கால்ல இருக்கணும். பக்கத்துல இருக்கவன பாக்க முடியாது. அவன் எப்ப கெளம்பப் போறான்னு இந்தக் கைதான் நமக்குச் சொல்லும். கெளம்பறதுக்கு முந்தி ஒரு இறுக்கு இறுக்குவான். அப்ப நான் விழணும். ஒரு நிமிட்டு முந்தினா நான் செத்தேன், பிந்தினா அவன் செத்தான்."

சொல்லிவிட்டு ஒரு முறை இறுக்கினார். லோடு ஏற்றி இறக்கும் கை. டீ சிந்தியது.

அண்ணனுடைய ஆதர்சம் தர்மராஜ் சேரலாதன். கொள்ளிடக் கரையோடு கிழக்கே போனால் கல்லணைக்கு அப்பால் வருகிற திருச்சென்னம்பூண்டிக்காரர். கார்னர். 2016-இல் நாற்பத்தொரு வயதில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தார். அதே வருஷம் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து லீக் பட்டத்தையும் வாங்கினார். லீகில் வடக்கத்திப் பையன்கள்கூட அவரை 'அண்ணா' என்றுதான் கூப்பிட்டார்கள். "பாடுறவனுக்கு முப்பதுல கால் போயிரும். கார்னருக்கு அனுபவம்தான் காலு" என்பார் நம் அண்ணன். சொல்லும்போது நீட்டி வைத்த இடது காலை அவர் பார்ப்பதில்லை.

அந்தக் காலின் கதை எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது. முழுசாகத் தெரிந்தது அக்டோபர் 8 அன்று.

புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடமில்லை. ராஜகோபுரத்தில் இருந்து ஜனம் வழிந்துகொண்டிருந்தது. இரவு எட்டரைக்கு ஆட்டம், பெங்களூரில், குஜராத்தோடு. மொபைல் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே டிவியைப் போட்டு, நாலு ஸ்டூல். பவன் களத்துக்குள் வந்ததும் உடற்கல்வித் தம்பி விசில் அடித்தான். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தேன்.

முதல் பாதியே முடியவில்லை. எதிரணி ரைடர் ஒருவரைப் பிடிக்கப்போன இடத்தில் பவன் கீழே கிடந்தார். முழங்காலைப் பிடித்திருந்தார். எழுந்திருக்கவில்லை. 2.26 கோடி, மாதக்கணக்கான எதிர்பார்ப்பு, என் கோப்பின் முதல் வரி, எல்லாம் அந்த மேட்டில் சுருண்டு கிடந்தன. நாங்கள் மூன்று பேரும் ஏதேதோ கத்தினோம். சீசனே போச்சு என்றோம். இப்போது யாரை இறக்குவார்கள் என்று நான் அந்த நிமிஷமே கோப்பில் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன் ஸ்கோரைப் பார்க்கவில்லை. "டாக்டர் வந்துட்டாங்களா பாரு. காலத் திருப்ப விடாதீங்கடா. அப்படியே தூக்குங்க" என்று டிவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கை தானாகவே தன் இடது முட்டியில் இருந்தது. ஆட்களை அழைத்து, பவனை வெளியே கொண்டுபோன பிறகுதான் ஸ்டூலில் சாய்ந்தார்.

"அவனுக்கு ஆளு இருக்கு. காப்பாத்திருவாங்க."

அன்றைக்கு ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. கடை சாத்தின பிறகு, கூட்டம் வடிந்த வீதியில் வண்டியில் சாய்ந்து நின்றபடி அவர் சொன்னார். நான் கேட்கவில்லை.

இருபத்து மூன்று வயது. ஓர் அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்துக் கபடியில் கோப்பை, ஷீல்டு, மைக்கில் பேர் எல்லாம் சும்மா. ஆட்டத்தின் உண்மையான பரிசு அரசாங்க வேலை. ஒரு வேலை கிடைத்தால் தங்கச்சி கல்யாணம், ஓட்டு வீட்டுக்குத் தளம், எல்லாம் நடக்கும். அண்ணனும் அதே அணியில் ஆடிய ஒரு ரைடரும் தேர்வுக்குப் போனார்கள். மூன்று ஆட்டம் வைத்தார்கள். ஓர் அதிகாரி நோட்டில் ஒவ்வொருத்தர் பெயருக்கும் நேரே கோடு போட்டுக்கொண்டே வந்தார். புள்ளி எடுத்தால் ஒரு கோடு. "அந்த மூணு ஆட்டத்துலயும் என் பக்கம் ஒருத்தனும் காலே வைக்கல தம்பி. அம்புட்டு நல்லா நின்னேன். அதுனால கோடே இல்ல." ரைடருக்கு வேலை கிடைத்தது. இப்போதும் நல்ல சிநேகம்தான், பென்ஷன் வரைக்கும் போய்விடுவான் என்று சிரித்தார்.

அடுத்த வருஷம் எப்படியாவது கோடு வாங்கியாக வேண்டும் என்று ஆடியிருக்கிறார். நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், பக்கத்து ஆள் இறுக்குவதற்கு முன்பே பாய ஆரம்பித்தார். ஒரு பொங்கல் ஆட்டத்தில் தனியாகப் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தார். பின்னால் வந்த நாலு பேரும் அவர் முட்டியின் மேல் விழுந்தார்கள். ஊரில் கட்டுப் போடுகிறவரிடம் போனார்கள். மூன்று மாதம் கட்டு. ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தபோது அவருக்கு முப்பத்தொரு வயது. லைசென்ஸுக்குக் கால் போதும் என்று வண்டி எடுத்தார்.

"சங்கிலிய விட்டேன். அது என் தப்புதான்" என்றார். கோடு போட்ட அதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லை. காரணம் முழுக்க அவர் மட்டும் அல்ல. அந்த மாதம்தான் என் குழுவில் ஆறு பேரை வரிசைப்படுத்தி மேலே அனுப்பியிருந்தேன். யாருக்கு நல்ல ரேட்டிங், யாருக்குச் சுமாரானது என்று. எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க முடியாது, யாராவது கீழே இருந்தாக வேண்டும். ஆறாவதாக நான் வைத்தவர் இரவு ஓடும் வேலைகளையும் பழைய டேட்டாபேஸையும் பார்த்துக்கொண்டவர். அவர் பெயருக்கு நேரே எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. புது வசதி எதுவும் கட்டவில்லை, டெமோ எதுவும் காட்டவில்லை. அவர் பொறுப்பில் இருந்த இரண்டு வருஷமும் ராத்திரியில் யாருக்கும் போன் வந்ததில்லை. அதை எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. இடம் கேட்க எனக்கும் தோன்றவில்லை.

பிப்ரவரியில் அவர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார். ஏப்ரலில் எனக்கு ராத்திரி இரண்டரைக்குப் போன் வந்தது. பிறகு அடிக்கடி வந்தது. அவரிடம் இதையெல்லாம் நான் சொன்னதில்லை. அவர் இதைப் படிக்கவும் போவதில்லை, அவருக்குத் தமிழ் தெரியாது.

தலைவாஸ் கதைக்கு வருகிறேன். அந்த சீசன் போகவில்லை. பவன் திரும்பவே இல்லை. நரேந்தர் என்ற அறிமுகப் பையன் 243 ரைடுப் புள்ளி எடுத்தான். நடுவில் அஷன் குமார் பயிற்சியாளராக வந்தார், 1990-இல் கபடி முதன்முதலாக ஆசிய விளையாட்டில் இடம்பெற்றபோது தங்கம் வென்ற அணியில் ஆடியவர். அணி முதல்முறையாகப் பிளே ஆஃப் போய், அரையிறுதியில் புனேவிடம் 37-39 என்று தோற்றது. நரேந்தரைச் சொல்லி நான் அண்ணனிடம் வாதாடினேன்: பார்த்தீங்களா, ரைடர்தான் தூக்கி நிறுத்தினான். அவர், "அவன் அவுட்டாயி வெளிய உக்காந்திருந்தப்ப உள்ள யாரு நின்னா?" என்றார். ஆளைப் பிடித்தாலும் வெளியே போனவன் உள்ளே வர முடியும். கபடியின் முதல் விதி அது. நான் கோப்பு போட்டபோது நினைவுக்கு வராத விதியும் அதுதான்.

அடுத்த ஏலத்தில் சந்தைக்கே ஏதோ புரிந்தாற்போல் இருந்தது. ஈரானின் இடது கார்னர் முகமதுரேசா ஷாத்லூயியை 2.35 கோடிக்குப் புனே எடுத்தது. பட்டம் வாங்கியது. அதற்கடுத்து ஹரியானா 2.07 கோடிக்கு எடுத்தது. அதுவும் பட்டம் வாங்கியது. இரண்டு முறையும் அண்ணன் எனக்குப் போன் செய்தார். இரண்டு முறையும் விலையை மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன், மாதம் ஒருமுறை வருவேன். ஒரு முறை அண்ணனும் நானும் உத்திர வீதியில் நின்றபோது நம்பெருமாள் புறப்பாடு வந்தது. எல்லோரும் மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். அண்ணன் கும்பிட்டுவிட்டுக் கீழே பார்த்தார். ஸ்ரீபாதம் தாங்குகிறவர்களின் கால்கள். தண்டுக்கு அடியில் இத்தனை தோள்கள், ஒரே அடி, ஒரே வளைவு. திருப்பத்தில் வெளிப்பக்கம் நிற்பவர் மட்டும் கொஞ்சம் நீளமாக எட்டு வைத்தார். மேலே மாலை ஆடவில்லை. "அந்த மூலையில நிக்கிறாரு பாரு" என்று மட்டும் சொன்னார்.

2025 ஆகஸ்ட் 29. பன்னிரண்டாவது சீசனின் முதல் ஆட்டம், விசாகப்பட்டினத்தில், தெலுகு டைட்டன்ஸோடு. பவன் மறுபடியும் தலைவாஸுக்கு வந்திருந்தார், இந்தத் தடவை 60 லட்சத்துக்கும் குறைவாக. வெள்ளிக்கிழமை, லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். அதே கடை, அதே ஸ்டூல். உடற்கல்வித் தம்பிக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டான். நான் பழைய கோப்பைத் திறந்து கடைசியில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன். 'வராமல் போனவை'. எதிரணி ரைடர் எங்கள் கார்னரைப் பார்த்து ஒதுங்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. அண்ணனிடமும் ஒரு பேப்பரும் பேனாவும் கொடுத்தேன்.

38-35. தலைவாஸ் ஜெயித்தது. கடைக்காரன் எல்லோருக்கும் ரோஸ் மில்க் சொன்னான்.

பேப்பரைக் காட்டச் சொன்னேன். என் எண்ணிக்கையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கோடு போட்டிருந்தார். "அண்ணே, இதுல பாதி அவன் சும்மா மூச்சு வாங்கத் திரும்புனது" என்றேன்.

"யாரப் பாத்துத் திரும்பினான்?" என்றார்.

ரோஸ் மில்க் வரும் வரை சண்டை போட்டோம். வந்த பிறகும் போட்டோம்.